வாடகைப் பாலம்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் கிழிந்த பாயைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிடுகிற ஆட்கள் நாம். மரியசெல்வமும் நம்மில் ஒருவர்தான். என்ன, அவர் மறைத்தது பாயை அல்ல. ஒரு தெருவுக்கே பாலம் இல்லாத குறையை மறைத்தார். அதுவும் அந்தக் குறையைப் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வந்தவர்களிடம்.

மரியசெல்வம் கோவில்பத்துவாசி. காரைக்காலில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர். புயல் வந்தால் என்ன செய்வது, சுனாமி வந்தால் எப்படி ஓடுவது என்று கடலோர மக்களுக்கு வகுப்பெடுப்பது அவர் தொழில். தூறல் விழுந்தால் மட்டும் ஸ்கூட்டரை எடுக்க மாட்டார், சளி பிடித்துவிடும். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றி அவ்வளவு தெரிந்திருந்தும் அந்த வாரம் அவருக்குப் புத்தி எங்கே போனது என்றுதான் தெரியவில்லை.

விஷயம் இதுதான். சுனாமி ஆபத்துள்ள சில நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தன. ஒரு நாட்டு நிபுணர்கள் இன்னொரு நாட்டுக் கரைக்குப் போய், சுனாமி ஒத்திகையைக் கூட இருந்து பார்த்து, மக்கள் தப்புவதற்கு எது தடையாக இருக்கிறது என்று எழுதுவார்கள். எங்கே தடை பெரிதோ அங்கே பொது நிதியிலிருந்து வேலை நடக்கும். இந்த வருடம் ஒரு பாலம் கட்டலாம் என்று முடிவாகியிருந்தது. அதற்குப் பக்கத்து மீனவ ஊரான காரைக்கால்மேடும் இன்னொரு நாட்டுக் கடலோர ஊர் ஒன்றும் போட்டியில் இருந்தன.

காரைக்கால்மேட்டுத் தெற்குத் தெருவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்கு அப்பால் மேட்டில் பள்ளிக்கூடம். அலை வந்தால் அங்கேதான் ஏற வேண்டும். வாய்க்காலைத் தாண்ட இரண்டு பனைமரத் துண்டுகள் கிடந்தன, அவ்வளவுதான். சுற்றிப் போகலாம் என்றால் கடற்கரைச் சாலை வழியாகத்தான் போக வேண்டும், அலைக்கு எதிரே.

அந்தத் தெருவில் இருக்கிறவர் மருதையன். சிறு வயதிலேயே போலியோவில் இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் ஏலக்கூடத்துக்கு வந்து, மீன் ஏலம் விடுவார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. சுனாமி அன்று அவரைத் தம்பி தோளில் தூக்கிக்கொண்டு அந்தப் பனைமரத்தைத் தாண்டினார். அக்கரையில் இறக்கிவிட்டு அம்மாவைத் தூக்கிவரத் திரும்பிப் போனார். அம்மாவும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. மருதையன் இதை யாரிடமும் பேச மாட்டார். மரியசெல்வத்திடம் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். பாலம் கேட்டு மரியசெல்வம் நாயாய் அலைந்தது அதற்குப் பிறகுதான்.

அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் செய்த காரியத்தைப் பாருங்கள். ஒத்திகைக்கு முதல் நாள் வாய்க்கால் கரையில் போய் நின்றார். பனைமரத்தில் பாசி படர்ந்திருந்தது. வாய்க்காலில் தெருவின் சாக்கடை முழுக்கக் கலந்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இதில் வழுக்கி விழுந்தால் ஊர் மானம் என்ன ஆவது என்ற கவலை வந்துவிட்டது. உடனே பந்தல் சாமான் வாடகைக்கு விடும் மன்சூர் அலிக்குப் போன் போட்டார்.

"பாய், கல்யாண மேடைக்குப் போடுற பலகை இருக்குல்ல? நாளைக்குக் காலைல வாய்க்கா மேல போட்டுக் குடுங்க. விருந்தாளிங்க வர்றாங்க."

"போட்டுடலாம் சார். ஆனா மதியம் லுஹர் தொழுதுட்டு எனக்கு ஒரு நிக்காஹ் மேடை இருக்கு. ஒத்திகை முடிஞ்சதும் அவுத்துடுவேன், பரவாயில்லையா?"

"முடிஞ்சப்புறம் நமக்கு அது எதுக்கு பாய்?"

மன்சூர் அலி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. தடித்த பலகைகளை அகலமாகப் பரப்பி, அடியில் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து, இருபுறமும் கைப்பிடி கட்டினார். மேலே சிவப்புக் கம்பளம். பார்க்க வெறிச்சென்றிருக்கிறது என்று கைப்பிடியில் மஞ்சள் ஜாலர் துணியும் சுற்றினார். மாப்பிள்ளை ஊர்வலமே போகலாம் போல இருந்தது. மரியசெல்வம் எதிர்க்கரையிலிருந்து நான்கு விதமாகப் போட்டோ எடுத்து மனைவி ஜெனிட்டாவுக்கு அனுப்பினார். "யாருக்குக் கல்யாணம்?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அதற்குள் விருந்தாளிகளின் கார் வந்துவிட்டது.

மூன்று பேர் வந்திருந்தார்கள். ஜப்பானிலிருந்து மொரிதா என்ற பெரியவர், இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியிலிருந்து ஹெர்மன், மட்டக்களப்பிலிருந்து தேவரஞ்சினி என்ற பொறியாளர். பாரிஸிலிருந்து ஒருவர் வருவதாக இருந்து, கடைசியில் வரவில்லை. மரியசெல்வமோ அவருக்காகவே ஒரு வாரம் பிரெஞ்சு வரவேற்புரையை மனப்பாடம் செய்திருந்தார். வீணாக்க மனமில்லாமல் அதை ஜப்பான்காரரிடம் ஒப்பித்தார். மொரிதா மிகுந்த மரியாதையோடு குனிந்து வணங்கினார். தேவரஞ்சினி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்களோட தமிழிலேயே கதைக்கலாம் ஐயா, இவை ரெண்டு பேருக்கும் நான் சொல்லுவன்" என்றார்.

பத்தரை மணிக்குச் சங்கு ஊதியது. தெற்குத் தெரு மொத்தமும் வாய்க்காலை நோக்கி ஓடியது. பெண்கள் கைப்பிடியைப் பிடித்தபடி சிவப்புக் கம்பளத்தில் ஓடினார்கள். போன தடவை கரையிலேயே பயந்து நின்ற ஆஸியா பீவி இந்தத் தடவை ஜாலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியாக மருதையன் வந்தார். வெள்ளை வேட்டி, தலையில் துண்டு, சக்கரத்தை இரண்டு கையாலும் சுற்றி, கம்பளத்தின் மேல் ஒரு குலுங்கல் இல்லாமல் உருண்டு போனார். நடுவில் நிறுத்தி ஹெர்மனின் கேமராவுக்குக் கையசைக்கவும் செய்தார். மரியசெல்வத்துக்கு நெஞ்சு பூரித்துப் போனது. இத்தனை வருடத்தில் மருதையன் யார் தோளிலும் ஏறாமல் வாய்க்காலைத் தாண்டியது அன்றுதான்.

ஒத்திகை முடிந்து பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். மருதையனை ஒரு உள்ளூர் டிவிக்காரர் பேட்டி எடுக்கப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். நிபுணர்களும் மரியசெல்வமும் ஏலக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

மூவரும் தங்களுக்குள் பேசி முடித்ததும் தேவரஞ்சினி சொன்னார். "மெத்த நல்லாச் செய்திருக்கிறீங்கள். நடக்க ஏலாத ஆள் கூட லேசாக் கடந்திட்டார். மொரிதா ஐயா சொல்றார், இப்படி ஒரு பாதை தங்கட ஊரிலயும் சில இடத்தில இல்லையாம். உங்கட ஊருக்குப் பாராட்டுப் பத்திரம் கட்டாயம் உண்டு. பாலத்தை மற்ற ஊருக்குக் குடுக்கலாம் எண்டு நினைக்கிறம். அங்கதான் தேவை கூட."

மரியசெல்வத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நன்றி சொல்வதற்காக எழுந்தவர் எழுந்தபடியே இருந்தார். பாலம் கேட்டுப் போனவன், என்னிடம் அருமையான பாலம் இருக்கிறது என்று கம்பளம் விரித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறான். இப்படி ஒரு முட்டாளை இந்தக் காரைக்காலில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது போன் அடித்தது. மருதையன்.

"சார், பேட்டி முடிஞ்சு வாய்க்காக் கரைக்கு வந்துட்டேன். இங்க பாலத்தைக் காணுமே. பாயோட ஆளுங்க வேன்ல ஏத்திக்கிட்டுப் போறாங்க. நான் எப்படி வூட்டுக்கு வர்றது?"

அவர் குரல்தான் தெரியுமே. ஏலக்கூடம் முழுக்கக் கேட்டது. தேவரஞ்சினி நிமிர்ந்து பார்த்தார். மற்ற இரண்டு பேருக்கும் மொழி புரியவில்லை.

இன்னும் தப்பிக்க வழி இருந்தது. ஒரு ஆட்டோவை அனுப்பிக் கடற்கரைச் சாலை வழியாக மருதையனை அழைத்து வந்துவிடலாம். மராமத்து நடக்கிறது என்று விருந்தாளிகளிடம் ஏதாவது சொல்லிவிடலாம். பாராட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டலாம், கலெக்டர் கையால் வாங்கலாம். மரியசெல்வம் ஒரு கணம் அந்தப் பத்திரத்தை மனதுக்குள் மாட்டியும் பார்த்தார். பிறகு மருதையனின் தம்பி நினைவுக்கு வந்தார். தன் மேலேயே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, எல்லாரும் கொஞ்சம் எங்கூட வாங்க. நீங்க பார்த்தது எங்க பாலம் இல்ல. கல்யாண மேடை. வாடகைக்கு எடுத்தது."

தேவரஞ்சினி சிரிக்கவில்லை. "ஏன் ஐயா இப்படிச் செய்தனீங்கள்?"

"விருந்தாளிங்க வர்றீங்கன்னு செஞ்சுட்டேன்மா."

தேவரஞ்சினி அதை ஆங்கிலத்தில் மற்ற இருவருக்கும் சொன்னார். ஹெர்மன் தலையில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். "தங்கட ஊரிலயும் இதைத்தான் செய்வினமாம்" என்றார் தேவரஞ்சினி.

வாய்க்கால் கரையில் இரண்டு பனைமரத் துண்டுகள் பழையபடி கிடந்தன. எதிர்க்கரையில் மருதையன் வண்டியில் உட்கார்ந்திருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது.

"இதுல எப்படிப் போவாங்கன்னு நானே நடந்து காட்டுறேன்" என்றார் மரியசெல்வம். வகுப்பெடுத்துப் பழகிய வாய், சும்மா இருக்காது. பாலீஷ் போட்ட ஷூவோடு பனைமரத்தில் ஏறினார். இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியைப் பாசி வைத்தது. தொபுக்கென்று இடுப்பளவு சாக்கடையில் நின்றார்.

நாற்றத்தில் கண் எரிந்தது. ஏற முயன்றால் சேறு காலை உள்ளே இழுத்தது. மொரிதா கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரையில் மண்டியிட்டு ஒரு கையைப் பிடித்தார். ஹெர்மன் இன்னொரு கையைப் பிடித்தார். தேவரஞ்சினி பின்னாலிருந்து அவருடைய சட்டைக் காலரைப் பற்றினார். மூன்று நாடுகள் சேர்ந்து இழுத்து ஒரு கோவில்பத்துக்காரரைக் கரையேற்றின. ஒரு ஷூ வரவில்லை. கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய மரியசெல்வத்துக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் மற்றவர்களும் சிரித்தார்கள்.

எதிர்க்கரையில் மருதையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏலக் குரல் வாய்க்காலைத் தாண்டி வந்தது.

"அம்மா, அவுங்கள்ட்ட ஒண்ணு சொல்லுங்க. இப்ப வுழுந்தாரே, அவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு."

தேவரஞ்சினி அதை மொழிபெயர்த்தார். மொரிதா சேற்றுக் கையை வேட்டி இல்லாத குறைக்குத் தன் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, எழுத ஆரம்பித்தார்.