கபூர் நானாவின் பிரிஜ்ஜில் முளைத்த நெல்

"2025 ஏப்ரல் 8, செவ்வாய். தவறு ஒன்று: வெப்பமானியை மாலையில் மட்டுமே பார்த்திருக்கிறேன்."

எழுதிவிட்டு விஜயகலா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரத்தினபுரியில் மாலை வகுப்பில் விவசாயம் படிக்கிறவள் அவள். வகுப்பு முடிந்து தோட்டத்து பஸ் பிடிக்கிற வழியில் கபூர் நானாவின் கடை. அங்கே பிரிஜ்ஜில், சோடாப் போத்தல்களுக்கு நடுவே, பதினோரு நாளாக அவளுடைய நெல் ஒரு தட்டில் இருந்தது. பக்கத்தில் வைத்த வெப்பமானி பார்த்தபோதெல்லாம் பன்னிரண்டு பாகை காட்டியது. அந்தக் குளிரிலும் வேர் வெள்ளை வெளேரென்று ஓடியிருந்தது.

இப்படிச் சோதித்துப் பார்க்கக் கேட்டவன் கணவன் சுரேந்திரன். கொரியாவில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. அங்கே இராக்குளிருக்கு நாற்றின்மேல் போர்வை விரிப்பார்கள். அது தேவையா என்று கேட்டிருந்தான். "வேணாங்க, குளிர்லயும் வேர் நல்லா பிடிக்குது" என்று நேற்றுத்தான் சொன்னாள். அவனும் முதலாளியிடம் சொல்லிவிட்டான்.

இன்று பரீட்சைப் படிவம் கொடுக்கக் காலையிலேயே டவுனுக்கு வந்தாள். கடை அப்போதுதான் திறந்தது. வெப்பமானியில் இருபத்தாறு.

"நானா, பிரிஜ்ஜு கெட்டுப்போச்சுங்களா?"

"இல்ல தங்கச்சி, ராவைக்கு நிப்பாட்டிருவேன். கடைக்குள்ளதானே படுக்கிறன்? அது உறுமினா எனக்குத் தூக்கமே இல்ல. ஒங்கட நெல்லு குறட்டை விடுமா? இது விடும்."

"எத்தன நாளா?"

"வாங்கின நாளிலிருந்து."

அப்படியென்றால் நெல் இரவெல்லாம் கதகதப்பாகத் தூங்கியிருக்கிறது.

கைபேசியைக் கையில் எடுத்தாள். அழைக்கவில்லை. நாற்று தேறினால் முதலாளி அவனை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்வார். கெட்டால் இந்த மாதமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவன் போய் மூன்று வருஷமாகியும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டே உட்காருகிறாள். பேசாமல் இருந்தால் போதும், அவன் வந்துவிடுவான். யாருக்குத் தெரியப் போகிறது?

ஒரு பஸ்ஸைப் போகவிட்டு அழைத்தாள்.

"போர்வைய எடுத்துட்டீங்களா?"

"இன்னைக்கு ராவுலேர்ந்துதான். ஏன்?"

"எடுக்காதீங்க. நான் சொன்னது தப்பு."

"சரிங்க டீச்சர்" என்று சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "அப்ப நான் இங்கயே கெடக்க வேண்டியதுதான்."

"நல்லா இழுத்துப் போத்துங்க" என்றாள்.

ஒரு நாளாவது காலையில் போய்ப் பார்த்திருக்கலாமே. கிடைத்த விடை பிடித்திருந்ததால்தான் போகவில்லையோ? அதை எழுதத் தெரியவில்லை. கீழே இப்படி எழுதினாள்:

"நாளை: புது நெல்மணி ஐம்பது ஊறவைக்க வேண்டும். இரவில் பிரிஜ்ஜை நிறுத்த வேண்டாமென்று நானாவிடம் கேட்க வேண்டும். அவர் காதுக்குப் பஞ்சு கொண்டுபோக வேண்டும்."