மேல்வளவு ரோடா, கீழ்வளவு ரோடா?

காப்பித் தோட்டத்தில் கவாத்து முடித்த கையோடு, இடுப்பில் செருகிய கத்தியைக்கூட இறக்கி வைக்காமல் செல்லப்பன் கிராம சபைக்கு வந்து உட்கார்ந்தார். பலாமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. நாகலூர் பஸ்ஸைப் பிடிக்க இந்த மலையூருக்கு இருப்பது ஒற்றையடிப் பாதைதான். ஊருக்கு ரோடு போட அரசாங்கப் பணம் கேட்கலாம் என்று சொல்ல, ஊராட்சிச் செயலாளர் பாலசுப்பிரமணியம் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார்.

“ஊரே ஒத்துக்கிட்டு ஒரே தீர்மானம் போட்டாத்தானுங்க விண்ணப்பம் மேல போகும். இன்னைக்குக் கடைசி நாளுங்க. எந்தப் பக்கமா ரோடு வரோணும்?”

“மேல்வளவு பக்கமாத்தானுங்க” என்றார் செல்லப்பன். அவருடைய தோட்டம் ஊரின் அந்த மேல்பாதியில்தான்.

“அதெப்படிங்க மச்சான்? கீழ்வளவுல இருக்கறதெல்லாம் மனுசங்க இல்லீங்களா?” என்று எழுந்தார் வெள்ளையன். செல்லப்பனின் தங்கை மாதம்மாளைக் கட்டியவர், தோட்டம் கீழ்வளவில். ரோட்டை ஒட்டிய நிலத்துக்கு, மலையில் விடுதி கட்ட இடம் தேடுகிறவர்கள் என்ன விலை தருவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். ஊர் நன்மை என்பதெல்லாம் வாயில் மட்டும்தான்.

பேச்சு தடித்தது. வெள்ளையன் விண்ணப்பத்தைப் பிடுங்கிக் கிழித்தார். செல்லப்பன் அவர் கன்னத்தில் அறைந்தார். அவ்வளவுதான், இரண்டு வளவும் ஒன்றின் மேல் ஒன்று பாய்ந்தன. நாற்காலிகள் பறந்தன. ஒருவனுக்குப் பல் தெறித்தது. விலக்க வந்த செயலாளரின் நெற்றியைக் கல் பிளந்தது. மாதம்மாள் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவளை உதைத்துத் தள்ளிவிட்டுச் செல்லப்பன் கத்தியை உருவினார். ஓங்கிய வெட்டைத் தடுக்க வெள்ளையன் வலது கையை நீட்டினார். மூன்று விரல்கள் மண்ணில் விழுந்தன.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட ஒரு கூத்தாடிகூட இல்லை.

ஆம்புலன்ஸ் நாகலூர் வரைக்கும்தான் வர முடிந்தது. போர்வையை மூங்கிலில் கட்டி வெள்ளையனைக் கிடத்தினார்கள். அடிதடியில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டிருந்ததால் தூக்க ஆள் போதவில்லை. வெட்டிய செல்லப்பனே மூங்கிலின் முன்முனைக்குத் தோள் கொடுத்தார். சறுக்குகிற பாறைகளில் விழுந்து எழுந்து போனார்கள். போர்வை நனைந்து வழி நெடுக ரத்தம் சொட்டியது. “மாப்ள, கண்ண மூடிராதீங்க” என்று அழுதபடியே நடந்தார் அவர்.

சேலம் ஆஸ்பத்திரியில், மாதம்மாள் துண்டில் முடிந்து கொண்டுவந்த விரல்களைப் பார்த்துவிட்டு டாக்டர் கோபப்பட்டார்.

“முன்னாடியே வந்திருந்தா ஒட்ட வெச்சிருக்கலாம்மா. ஏன் இவ்வளவு நேரம்?”

“எங்கூருக்கு ரோடு இல்லீங்க.”

சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். செல்லப்பன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

ரோட்டுக்கான பணம் வேறு ஊருக்குப் போனது. செல்லப்பன் ஜெயிலுக்குப் போனார்.

மறு வருடம் அதே பலாமரத்தடி. நெற்றித் தழும்போடு செயலாளர் அதே கேள்வியைக் கேட்டார். ஜாமீனில் வந்திருந்த செல்லப்பன் தலைகுனிந்து பின்னால் நின்றார்.

“மேல்வளவு பக்கமே போடுங்க. அதுதானுங்க கிட்டத்து வழி” என்று வெள்ளையன் கையைத் தூக்கினார். அந்தக் கையில் இரண்டு விரல்கள்தான் இருந்தன. செல்லப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். ஒவ்வொரு கையாக உயர்ந்தது.

மாதம்மாள் அழவில்லை. அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

“எந்தப் பக்கம் ரோடு வந்தாலும் ஆம்புலன்ஸ்காரன் உன்ற வளவு, என்ற வளவுன்னு பாத்தா ஏத்தப் போறானுங்ண்ணா? ஊருக்கு வர்றத ஊரா நின்னு கேட்டாத்தான் கெடைக்கும். இது புரிய எங்கூட்டுக்காரரு வெரலு போகோணுமா?”