லாரியில் போன ஷூ

அக்காவும் தங்கையும் சேர்ந்து செய்த சதி அது. மோட்டார் சைக்கிள் சங்கம் நடத்தும் ‘அடையாள வேட்டை’க்குத் தங்கள் கணவன்மார் இருவரையும் ஒரே அணியாகப் பதிந்துவிட்டு, முந்தின நாள்தான் வாயைத் திறந்தார்கள்.

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல கனமான ஆள். தங்கையின் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். ஒல்லி, ஆனால் வாய் கொஞ்சம் நீளம். சகலைகள் இருவரும் ஒரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் ஒரு ஃபிரிட்ஜ்.

மெக்கானிக் புது வீட்டுக்குக் குடிபோன அன்று அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் படுத்துக்கொண்டது. ஃபிரிட்ஜை இருவரும் படிக்கட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது கைநழுவி, ஒவ்வொரு படியையும் நலம் விசாரித்துக்கொண்டே கீழே போய்ச் சேர்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. வேடிக்கை பார்க்கக் கூடிய அக்கம்பக்கத்தார் முன்னால் மருந்துக்கடைக்காரர், “லிஃப்ட் மெக்கானிக் குடிவர்ற வீட்டுல லிஃப்டுக்கே உடம்பு சரியில்ல” என்று சொல்லிவைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தாலும் தண்ணீர் ஜக்கை மனைவிமார் மூலமாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

“ரெண்டு பேரும் ஹெல்மெட் மாட்டியிருப்பீங்க. ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்காது. சண்டைக்கு வழியே இல்ல” என்று அக்கா காலையில் வழியனுப்பினாள்.

வண்டி மருந்துக்கடைக்காரருடையது. அவர் ஓட்ட, மெக்கானிக் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் முன்சக்கரம் லேசாக யோசித்தது. ஓட்டியவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, விழுங்கிக்கொண்டார்.

வேட்டையின் விதி எளிது. சங்கத் தலைவரான கால்நடை மருத்துவர் சாலையோர அடையாளங்கள் சிலவற்றைக் குறித்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, கைப்பிடியில் கட்டிய மஞ்சள் துணி தெரியும்படி படம் எடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் நெடுஞ்சாலை உணவகத்தின் பின்முற்றத்துக்கு வந்து காட்ட வேண்டும். இருப்பதிலேயே அதிகப் புள்ளி, ஒரு செருப்புக்கடையின் கூரைமேல் நிற்கும் சிவப்பு ஷூவுக்கு. ஒரு கார் அளவு பெரியது என்று கேள்வி.

முதலில் ஓடாத மணிக்கூண்டு. பிறகு பல் ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கடைவாய்ப்பல். அதற்கப்புறம் மூன்று கண் பாலம். ஒவ்வொரு இடத்திலும் மெக்கானிக் இறங்கி, செல்போனை எட்டப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படம் எடுத்தார். “ம்” என்பார். வண்டி கிளம்பும். வெயில் இதமாக இருந்தது. இருபுறமும் சூரியகாந்தி வயல். பேசாமல் போவதற்கு இதைவிட நல்ல சாலை கிடைக்காது.

டீ குடிக்க நிறுத்திய இடத்தில்தான் மருந்துக்கடைக்காரர் படங்களைப் பார்த்தார். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் நின்றது. பாலத்தின் மூன்றாவது கண்ணை ஒரு கட்டைவிரல் அடைத்திருந்தது. பல்லைக் காணவே காணோம், முழுக்க விரல்.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

“சகலை, படமெல்லாம் நல்லா வந்திருக்கு. நடுவுல உங்க விரலும் கொஞ்சம் வந்திருக்கு.”

மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

“இதையும் நாலு பேர் முன்னாடி சொல்லிச் சிரிக்கலாமே.”

“இங்க யாரும் இல்லையே” என்றார் மருந்துக்கடைக்காரர். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கு உறைத்தது. டீயை மடமடவென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

பல்லுக்காக மட்டும் திரும்பிப் போனார்கள். மணிக்கூண்டு தொலைவு, பாலத்துக்கு இரண்டு கண்ணே போதும் என்று முடிவானது. இந்த முறை மெக்கானிக் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டு எடுத்தார்.

செருப்புக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வேறு மூன்று அணிகள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தன. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரைமேல் நான்கு இரும்புக் கால்கள் மட்டும் இருந்தன. ஷூ இல்லை.

கடைக்காரம்மா வாசலில் அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“குழந்தைங்க பார்க்குக்குக் கொடுத்துட்டேன்பா. மழை பெஞ்சா உள்ள தண்ணி நின்னு கொசு வருது. இப்பதான் லாரியில ஏத்திட்டுப் போனாங்க. அந்தப் பக்கம்” என்று கிழக்கே கையைக் காட்டினார்.

மற்றவர்கள் இரும்புக் கால்களையே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரும் வண்டியைச் சரியான கோணத்தில் நிறுத்தப் பார்த்தார். மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

“காலை எடுத்து என்ன பண்றது?” என்றார். “விரட்டுங்க.”

“லாரியையா?”

“அவ்ளோ பெரிய ஷூ எங்க ஓடி ஒளிஞ்சிரும்? விரட்டுங்க, சகலை.”

மெக்கானிக் வாயிலிருந்து ஒரு வருஷத்துக்கப்புறம் வந்த ‘சகலை’ அது. மருந்துக்கடைக்காரர் மறுபேச்சு பேசாமல் வண்டியை முறுக்கினார்.

ரயில்வே கேட்டில் அதைப் பிடித்தார்கள். பிடித்தார்கள் என்று சொல்வது தப்பு, பார்த்தார்கள். மூடிய கேட்டுக்கு முன்னால் நீள வரிசை, வரிசையின் தலைமாட்டில் லாரி, லாரியின் மேல் வெயிலில் பளபளவென்று சிவப்பு ஷூ. மெக்கானிக் குதித்து இறங்கி ஓடினார். அவர் கடைசியாக ஓடியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. பாதி தூரம் போவதற்குள் ரயில் போய்விட்டது, கேட் திறந்துவிட்டது, லாரியும் கிளம்பிவிட்டது. பின்னால் வந்த சகலை பக்கத்தில் நிறுத்த, மூச்சு வாங்கியபடி ஏறிக்கொண்டார்.

“ஒண்ணும் சொல்லாதீங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“முதுகு குலுங்குது. சிரிக்கிறீங்க.”

“ரோடு சரியில்ல.”

அடுத்த வளைவு தாண்டியதும் லாரி நின்றுகொண்டிருந்தது. குறுக்கே ஒரு பழைய கல் பாலம், அடியில் சாலை. ஷூவின் கணுக்கால் பகுதி பாலத்தை இடிக்கும் உயரத்தில் இருந்தது. லாரி டிரைவர் கீழே இறங்கி, பாலத்தையும் ஷூவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏத்துறப்ப நாலு பேர் இருந்தாங்க” என்றார், இவர்களைப் பார்த்ததும். “ஒரு பக்கமா சாச்சுப் படுக்க வெச்சா போயிரும். நான் தனியா என்ன பண்ண?”

சகலைகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மேலே ஏறினார்கள். டிரைவர் கீழே நின்று கயிற்றைத் தளர்த்தினார். மெக்கானிக் குதிகால் பக்கம், மருந்துக்கடைக்காரர் நுனிப் பக்கம். ஃபைபர்தான் என்றாலும் கனத்தது. முதலில் தூக்கி நடுவுக்கு நகர்த்த வேண்டும், பிறகு சாய்க்க வேண்டும். மெக்கானிக் பின்னோக்கி அடி வைக்க வேண்டியிருந்தது. அவருக்குப் பின்னால், ஷூவின் மறுபுறம் நின்றவருக்கு மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு ஸ்டெப்னி டயர் கிடந்தது.

மருந்துக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மௌனமாக இருந்தார். ஃபிரிட்ஜ் விழுந்த நாளிலிருந்து அவருக்கும் ஒரு பயம் இருந்தது. தான் வாயைத் திறந்தால் ஏதாவது உடையும் என்று.

“ஏன் பேசாம இருக்கீங்க?” என்றார் மெக்கானிக். “பின்னால என்ன இருக்குன்னு யார் சொல்லுவா?”

“டயர் இருக்கு. வலது பக்கம் ஒதுங்குங்க.”

மெக்கானிக் வலது பக்கம் ஒதுங்கினார். கால் நேராக டயரில் இடித்தது. ஷூ ஆடியது. இருவரும் அப்படியே உறைந்து நின்றார்கள்.

“வலதுன்னு சொன்னீங்க?”

“வலதுதான், இந்தப் பக்கம்.”

“அது உங்க வலது. நான் உங்களுக்கு எதிர்ல நிக்கிறேன்.”

ஷூவின் மேல் விளிம்பு வழியாக இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“அன்னைக்குப் படியிலயும்,” என்றார் மருந்துக்கடைக்காரர் மெதுவாக, “வலதுன்னுதான் சொன்னேன்.”

“நான் வலதுக்குத்தான் திரும்பினேன்.”

“அப்ப நாம ரெண்டு பேருமே...”

“சரியாத்தான் செஞ்சிருக்கோம்.”

மெக்கானிக்கின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு ஷூ குலுங்கியது. கீழேயிருந்து டிரைவர் கலவரத்தோடு, “அண்ணே, பார்த்து, பார்த்து” என்று கத்தினார். சிரித்து முடிக்கும் வரை அதைக் கீழே வைக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை.

“இனிமே வலது இடது வேணாம்” என்றார் மெக்கானிக், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு. “வயல் பக்கம், வாய்க்கா பக்கம். சரியா?”

“சரி. வயல் பக்கம் ஒரு அடி வைங்க. அப்படியே. இப்ப மெதுவா சாயுங்க.” பிறகு, அதே மூச்சில், “அன்னைக்கு லிஃப்டைப் பத்திச் சொன்னது தப்பு, சகலை. ஃபிரிட்ஜ் விழுந்ததுல பதறிப்போயிட்டேன். ஏதாவது சொல்லணும்னு சொல்லிட்டேன்.”

“தெரியும் விடு” என்றார் மெக்கானிக். “மெதுவா. உன் விரல் அடியில மாட்டிக்கப் போகுது.”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. ஷூ ஒருக்களித்துப் படுத்தது. லாரி பாலத்தடியில் ஊர்ந்து மறுபக்கம் வந்தது. அங்கே ஓரமாக நிறுத்தி, பக்கத்தில் வண்டியை நிறுத்தி, மஞ்சள் துணியை நீவி விட்டு, டிரைவரையே படம் எடுக்கச் சொன்னார்கள். வியர்வையும் தூசியுமாக இரண்டு பேரும் ஷூவில் சாய்ந்து நின்றார்கள். படத்தில் யாருடைய விரலும் இல்லை.

உணவகத்தின் பின்முற்றத்தில் பெரிய விவாதமே நடந்தது.

“சாலையோர அடையாளம்னுதான் விதி” என்றார் கால்நடை மருத்துவர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. “இது சாலையில போயிட்டிருக்கே.”

“நின்னப்பதான் எடுத்தோம். ஓரமா” என்றார் மெக்கானிக்.

“கடைக் கூரையில இல்லையே.”

“டாக்டர், உங்ககிட்ட வர்ற மாடு தொழுவத்துல இல்லாம லாரியில வந்தா, அது மாடு இல்லையா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மெக்கானிக். தலைவர் நெடுநேரம் யோசித்து, படுத்திருக்கும் ஷூவுக்குப் பாதிப் புள்ளி என்று தீர்ப்புச் சொன்னார். கட்டைவிரல் நிற்கும் மணிக்கூண்டுக்கு ஒன்றும் தர மறுத்துவிட்டார். கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. பரிசு பெற்ற அணி டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டு போனது. இவர்கள் இன்னொரு தட்டு முட்டைப் பொரியல் சொல்லிவிட்டு, அந்தத் தீர்ப்பு எந்த வகையில் தப்பு என்று பேசத் தொடங்கினார்கள்.

வீட்டில் அக்காவும் தங்கையும் பால்கனியில் காத்துக்கொண்டிருந்தார்கள். நேரமாக ஆகத் தங்கைக்குக் கொஞ்சம் கவலை. “சேர்த்து அனுப்பியிருக்கக் கூடாதோ?” என்று கேட்டாள். அப்போது தெருமுனையில் வண்டி திரும்பியது. இந்த முறை மெக்கானிக் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் இருந்தவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, முன்னால் இருந்தவர் தலையைத் திருப்பித் திருப்பி அதை மறுத்துக்கொண்டிருந்தார்.

வண்டி வாசலுக்கு வந்தது. வேகம் குறையாமல் வாசலைத் தாண்டியது. தெருக்கோடி வரை போய், வலது பக்கம் திரும்பி மறைந்தது.

“வீடு இங்க இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்ல?” என்றாள் தங்கை.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பேசி முடிச்சதும் வருவாங்க. நீ உக்காரு.”