பூவாணிக் கண்மாயின் பன்னிரண்டாம் பக்கம்

1994ஆம் ஆண்டு ஐப்பசியில், திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் வட்டார வரலாற்று ஆவண அறையிலிருந்த பதினேழாம் எண் பதிவேட்டிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. நிமிடத்துக்கு அரைக் குடம். அந்த வாரம் தக்காளி கிலோ மூன்று ரூபாய். அறைப் பொறுப்பாளர் ராயப்பராஜ் முதலில் கூரையைச் சந்தேகப்பட்டு அண்ணாந்து பார்த்தார். ஊரில் மழை பெய்தே பதினோரு மாதம் ஆகியிருந்தது. பிறகு பதிவேட்டைத் திறந்தார். செம்பட்டிக்குத் தெற்கேயிருந்த பூவாணிக் கண்மாயின் எல்லையும் கரையும் மூன்று மடைகளும் 1889இல் எழுதி வைக்கப்பட்ட பக்கங்கள் அவை. பன்னிரண்டாம் பக்கத்தில், "வருடந்தோறும் ஐப்பசியில் நிறைந்து மறுகால் பாயும்" என்ற வரிக்கடியிலிருந்து நீர் ஊறியது. மை கலையவில்லை. ஐப்பசி முடிந்தும் நீர் நிற்கவில்லை.

ராயப்பராஜுக்கு மகிழ்ச்சிதான். அந்தக் கண்மாயை அப்போது மண்ணடித்து மேடாக்கி, கல் நட்டு, மனைகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கண்மாய் இருந்ததற்கு மிஞ்சிய ஒரே சான்று, பழைய பேப்பர் கடையிலிருந்து அவர் மீட்டு வந்த இந்தப் பதிவேடு. மனைகள் விற்றுத் தீருவதற்குள் இதை ஏற்கவைத்துவிட்டால் கண்மாய் தப்பிக்கும். பதிவேட்டை வாளியில் வைத்து, வாளிக்கும் டிக்கெட் எடுத்து, பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகத்துக்குப் போனார். நனைந்த ஆவணம் வாங்குவதில்லை என்றது முதல் மேசை. ஜெராக்ஸ் எடுக்கப் போனார். மூன்றாவது பிரதியில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். கையால் நகல் எழுதினார். எல்லைகள் வரை தாள் காய்ந்தே இருந்தது, மறுகால் என்று எழுதியதும் பேனாவிலிருந்து ஒரு கெண்டைக் குஞ்சு விழுந்தது. சொட்டச் சொட்ட அந்த நகலோடு போனவரிடம், அப்படியொரு கண்மாயே தங்கள் ஆவணத்தில் இல்லை, இல்லாத கண்மாயிலிருந்து தண்ணீர் வர விதியுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தது இரண்டாம் மேசை.

"அப்ப இந்த ஈரம் எங்கயிருந்து வந்துச்சு சார்?"

"வெயில்ல வந்திருக்கீங்கல்ல, வேர்வையா இருக்கும். ஃபேனுக்கடியில செத்த நேரம் உக்காருங்க, காஞ்சிரும்."

ராயப்பராஜ் ஒன்பது வருடம் போய்ப் போய் உட்கார்ந்தார்.

குழாயில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்த காலம் அது. பதிவேட்டுக்கடியில் முதல் குடத்தை வைத்தவர் கல்லூரியைக் கூட்டிப் பெருக்கும் ஒச்சாயி. மறுவாரம் நாற்பது குடம். அடுத்த வருடம் வரிசை பஸ் நிறுத்தத்தைத் தாண்டியது. ஒருவரும் பக்கத்தைப் பார்க்கவில்லை. ஒரு குடத்துக்கு ஒரு வரி வாசிக்க வேண்டும் என்று ராயப்பராஜ் அட்டை எழுதி மாட்டினார். "ஏன் சார், குடிக்கிற தண்ணிக்கும் பரீட்சையா? கைநாட்டெல்லாம் நாக்கு வறண்டு சாகவா?" என்றார் ஒச்சாயி. அட்டை அன்றே இறங்கியது. பிறகு தினமும் காலையில் ராயப்பராஜே வரிசைக்கு உரக்க வாசித்துக் காட்டினார். நாலாம் நாள், அந்த ரேடியோவை நிறுத்தச் சொல்லி வரிசையிலிருந்து கோரிக்கை வந்தது.

2003இல் கடைசி மனையும் விற்று, கண்மாய் இருந்த இடம் பூவாணி நகர் ஆனது. எழுநூறு அடி போர் போட்டும் அங்கே புழுதிதான் வந்தது. நகர்க்காரர்கள் வேன் பிடித்து, குடங்களோடு ஆவண அறைக்கு வந்தார்கள். அவர்களில் ஐரின் என்ற நர்ஸ், குடம் நிறையும்வரை வேறு வேலையில்லாமல் பன்னிரண்டாம் பக்கத்தை முழுதாக வாசித்தார். ஒன்பது வருடத்தில் முதல் வாசகர். ராயப்பராஜ் குடத்தை விட்டுவிட்டு அருகில் வந்தார்.

"சார், மூணாவது மடைக்குக் கிழக்க ஒத்தப் பாறைன்னு போட்டிருக்கே, அது எங்க அடுப்படிக்குப் பின்னாடில்ல கெடக்கு!"

"ஆமாம்மா! நீங்க குடியிருக்கறதே கண்மாய்க்குள்ளதாம்மா! இத ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

ஐரின் யோசித்தார். "அப்ப இது எங்க வீட்டுத் தண்ணி. நான் எதுக்கு சார் வரிசையில நிக்கிறேன்?"

வரிசையில் பெரிய சண்டை. பதிவேட்டை வாங்கி, படிக்கத் தெரிந்தவர்கள் உரக்கப் படிக்க, எல்லைகளை நகர்க்காரர்களிடம் கேட்டு நான்கு திசையிலும் கைநீட்டிச் சரிபார்த்தார்கள். "எழுத்துல இருக்குன்னா என்ன செய்ய? வழி விடுங்க" என்று கடைசியில் ஒச்சாயியே தன் குடத்தை நகர்த்தினார். மறுநாளிலிருந்து பூவாணி நகருக்குத் தனி வரிசை. பதினேழாம் எண் பதிவேடு இன்று சான்றாக ஏற்கப்பட்டது என்று ராயப்பராஜ் வருகைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதினார். பிறகு நிறைந்த குடத்தை இறக்கிவிட்டு அடுத்ததை வைத்தார்.