இடுகாட்டில் ஐந்து துளைகள்

இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ‘ணங்’ என்றது. குழிக்குள் நின்ற மைத்துனன் ஸ்தெப்பான் குனிந்து மண்ணைக் கையால் விலக்கினான்.

“மச்சான், உறைஞ்ச மண்ணு இல்ல இது. சுத்தப் பனிக்கட்டி.”

புரொகோப்பி எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறப் பனிக்கட்டி. உள்ளே காற்றுக் குமிழிகள் நூல்நூலாகக் கீழே இறங்கியிருந்தன.

அவர் மனைவி அய்யீனா, முந்தாநாள் தபால் அலுவலகத்தில் ஒரு பார்சலை எடை போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. மதியம் அவளைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

“அக்காவை இதுலயே வச்சிடலாமா?” என்றான் ஸ்தெப்பான்.

“நாலு வருஷத்துல உருகி மண்ணு உள்வாங்கிடும். பள்ளிக்கூட மைதானம் ஆன மாதிரி.”

சொன்ன பிறகுதான் அது அவளுடைய பேச்சு என்று அவருக்கு உறைத்தது.

ஆறு வருடங்களுக்கு முன் நகரத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் அந்த ஊர் மண்ணுக்கடியில் எங்கெங்கே பனிக்கட்டி கிடக்கிறது என்று வரைபடம் போட அய்யீனாவை உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டு கோடையோடு அவர்கள் வருவது நின்றது. அவள் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் திருகு முனைக் கம்பியை மண்ணில் முறுக்கி இறக்குவாள், அதில் ஒட்டி வருவதைப் பார்த்து நோட்டில் குறிப்பாள், வரைபடத்தில் நீலப் பென்சிலால் தீட்டுவாள். “எலிகூட உன்னளவு தோண்டாதுடி” என்று புரொகோப்பி கேலி செய்வார். வரைபடத்தில் இடுகாடு மட்டும் வெள்ளையாகவே இருந்தது. ஊரில் மூத்தவரான கவ்ரீல், செத்தவர்கள் தலைமேல் கம்பி இறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

புரொகோப்பி மகளைப் பார்த்தார். “கியுன்னேய், அம்மாவோட கம்பியையும் நோட்டையும் எடுத்துட்டு வா.”

குழியோரம் உட்கார்ந்திருந்த கவ்ரீல் தடியை ஊன்றி எழுந்தார். “புரொகோப்பி, வேணாம்ப்பா.”

“பெரியப்பா, அவளைப் படுக்க வைக்கிற இடத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

கிழவர் தடியை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

கியுன்னேய் கொண்டுவந்ததும், இரண்டடி தள்ளி முதல் துளை. பனிக்கட்டி. இன்னும் இரண்டடி. மறுபடி பனிக்கட்டி. மூன்றாவது துளையில் கம்பி நின்றது, நறநறத்தது, சட்டென்று இளகிப் பனிக்கட்டியோடு சிட்டிகை மணலும் கொண்டுவந்தது. நான்காவதில் கம்பி முழுக்க இறங்கியும் வெறும் மணல்.

“அப்பா, நோட்டுல மணல் வர்ற மொதத் துளைக்கெல்லாம் பக்கத்துல அம்மா ஒரு குட்டி வட்டம் போட்டிருக்கா. என்னது இது?”

“தெரியலயேம்மா.”

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே அவர் வெகுநேரம் நின்றார். பனிக்கட்டி சரியாக எந்த இடத்தில் முடிகிறது? ஓரடி பின்னால் வந்து ஐந்தாவது துளையை இறக்கினார். பாதி மணல், பாதி பனிக்கட்டிச் சில்லு.

“ஓரம்! ஓரத்தைத் தேடித் திரும்பி வந்திருக்கா. அந்த வட்டம் அதான்!” என்றார் புரொகோப்பி.

ஓடிப்போய் அய்யீனாவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. இரண்டு எட்டு நடந்தும்விட்டார். பிறகு நின்று, கம்பியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். கியுன்னேய் நோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்தெப்பான் பழைய குழியை மூடிவிட்டு மணலில் தோண்டத் தொடங்கினான்.

“அவ அப்பா அம்மாவை விட்டுத் தள்ளித் தனியா கெடப்பாளே” என்றார் கவ்ரீல்.

“மண்ணு சரியாமக் கெடப்பா, பெரியப்பா.”

மதியம் அய்யீனாவை மணலில் இறக்கினார்கள்.

வீட்டில் பால் தேநீரும் சுட்ட அப்பமும் பரிமாறினார்கள். பக்கத்து வீட்டு மார்ஃபா அப்பத்தைப் பிட்டு, தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க மாட்டுக்கொட்டாய் ஒரு பக்கமா இறங்குது. அதுக்குக் கீழ என்னன்னு அய்யீனா பாத்திருப்பாளா?”

புரொகோப்பி தட்டுகளை ஒதுக்கி வரைபடத்தை மேசையில் விரித்தார். ஒவ்வொருவராக எழுந்து வந்து குனிந்தார்கள். கவ்ரீல் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். மார்ஃபாவின் விரல் ஆற்றோரத்திலிருந்து கிளம்பி, வீடு வீடாகத் தயங்கித் தயங்கி வந்தது.

வரைபடத்தின் மேல் வெளிச்சம் விழ, புரொகோப்பி போய் ஜன்னல் திரையை முழுவதுமாக விலக்கினார்.