இரவல் சளி

என் அறைக்குக் கதவு உண்டு. யாரும் பூட்டுவதில்லை. போக இடமில்லாதவனுக்குப் பூட்டு எதற்கு? காசநோய் என்று தெரிந்த அன்றே வீட்டுக்காரர் என் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டார். நான் பெயின்டர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண், விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் குடி எல்லாம் காசத்துக்குத் துணையாக வந்திருந்தன. அதனால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

காலையில் நர்ஸ் வருவார். மாத்திரைகளை அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். இத்தனை வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கையில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"சளியில கிருமி இல்லைன்னு ரிசல்ட் வரட்டும், அப்புறம் வா. கைக்குழந்தை இருக்கிற வீடுடா."

நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கிருமி இருக்கிறது என்றே வந்தது. சுவரைப் பார்த்துப் பார்த்து, எந்த மூலையில் பெயின்ட் அடித்தவன் ஏமாற்றியிருக்கிறான் என்பதுவரை எனக்கு மனப்பாடம். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அப்போதுதான் அத்தான் மேல் கண் விழுந்தது. அக்காவின் கணவர், ஒரு கிடங்கில் வாட்ச்மேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், விடிந்ததும் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். பேச்சுக்கு நடுவே இருமுவார். சிகரெட் இருமல், எத்தனையோ வருஷமாக இருப்பதுதான் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அன்று காலை எழுந்ததும் பரிசோதனைக்குச் சளி துப்பித் தரவேண்டிய டப்பா என் கையில் காலியாக இருந்தது.

"அத்தான், இதுல உங்க சளியைத் துப்பிக் குடுங்க."

"என்ன மாப்ள, எங்கிட்ட கேக்கறதுக்கு வேற எதுவுமே கெடைக்கலையா?"

"இதுக்கு மேல இங்க இருந்தா செத்துருவேன் அத்தான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக டப்பாவை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்.

ரிசல்ட்டோடு வந்த நர்ஸின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"மாத்திரையை என்ன பண்றீங்க? நான் போனதும் துப்பிடறீங்களா? கிருமி முன்னைவிட எக்கச்சக்கமா இருக்கு."

"முழுங்கறேன் சிஸ்டர். நீங்கதான பாக்கறீங்க."

"அப்புறம் எப்படி?"

எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா குழந்தை தினமும் தூங்குவது அத்தானின் மார்பின் மேல்தான்.

வாயை மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்ச காலம் இந்தச் சுவரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் அத்தானின் வேலைக்கு ஆபத்து. அக்கா இனி என்னை வாசற்படி ஏற விடமாட்டாள். எனக்கென்று இருந்தது அந்த ஒரு வாசல்தான். சொல்லக் கூடாது என்று முடிவே செய்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. பின் கதவு திறந்தது. உள்ளே அத்தான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. இன்று ரிசல்ட் என்று தெரிந்து என்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறார். மடியில் குழந்தை. அது அவர் வாய்க்குள் கையை விட, விரலைக் கடிப்பதுபோலப் பாசாங்கு செய்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு நடுவே இருமினார். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை.

"சிஸ்டர், அது என் சளி இல்ல."

"பின்ன யாரோடது?"

வண்டியைக் காட்டினேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். நர்ஸ் என்னைத் திட்டக்கூட நிற்காமல் ஓடினார்.

அவர் ஓடிவருவதைப் பார்த்த அத்தான், நல்ல சேதி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் உட்காருவதற்காக சீட்டில் நகர்ந்து இடம் விட்டார்.