மூட்டையையும் ஏத்து

அந்தக் குடும்பத்தில் யாரும் லிஃப்டில் தனியாக ஏறமாட்டார்கள். பயம் என்று நினைத்துவிட வேண்டாம். கூட ஆள் வரும்வரை கீழே நிற்பார்கள், அவ்வளவுதான். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஏறுவார்கள். நெரிசலாக இருந்தாலும் ஏறமாட்டார்கள். "நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவர் ராசி என்பார், இன்னொருவர் பேச்சுத் துணைக்கு என்பார். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு.

தாத்தாவின் மூத்த மகள்தான் அத்தை. அவள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை டைல்ஸ் கடைக்காரர். கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டு ஆட்கள் பழத்தட்டோடு தன் வீட்டுக்குக் கீழே நின்று, காலி லிஃப்டை அனுப்பிவிட்டுப் பால்காரருக்காகக் காத்திருந்ததைப் பார்த்தவர். அன்றிலிருந்து அவருக்கு இந்தக் குடும்பம் ஒரு வேடிக்கை. வேடிக்கை பார்க்கிறவர் என்பதால் குடும்பத்துக்கும் அவரைப் பிடிக்கும்.

மறைந்த தாத்தாவின் நூறாவது பிறந்த நாளுக்கு எல்லோரும் அத்தை வீட்டில் கூடினார்கள். சாப்பாடு முடிந்து, தட்டுகள் தொட்டிக்குப் போய், ஆளாளுக்குச் சாய இடம் தேடும் நேரம். சுவரில் தாத்தா படம். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர், சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சுக் கழிவு, கை துடைக்க. அதிகம் பேசமாட்டார். நின்றுகொண்டே சாப்பிடுவார். அவரைப் பற்றிக் குடும்பத்தில் மிஞ்சிய பெரிய கதை ஒன்றே ஒன்று. அதை அத்தை தொடங்கினாள்.

"கயிறு அறுந்து போச்சு. லிஃப்ட் விழுது. உள்ள நாங்க. எங்கப்பா மேல நின்னு கயித்த ரெண்டு கையால பிடிச்சு நிறுத்திட்டார்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு பெட்டி டைல்ஸ் தூக்குறதுக்கே நான் ரெண்டு ஆள் வெச்சிருக்கேன். தாத்தா ஒரு லிஃப்டையே பிடிச்சாருன்னா..."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலையே."

"சொல்லாம சொல்றீங்க மாப்பிள்ளை." அத்தையின் மூக்கு நுனி சிவந்தது. "உள்ள இருந்தவ நான். என் கண்ணால பார்த்தது. ஏய் லிஃப்ட்காரி, இங்க வா. நீதான அந்த வேலை பாக்கற. நீ சொல்லு. உண்மையா, பொய்யா? நீ பொய்னு சொன்னா இனிமே இந்தக் கதைய நான் எடுக்கவே மாட்டேன்."

லிஃப்ட்காரி என்பது அத்தையின் தம்பி மகள். ஊரெல்லாம் உள்ள அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவள் தொழில். இந்தக் கேள்வி என்றாவது வரும் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்துதான் அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள். ஆனால் பயிற்சி வகுப்பின் முதல் வாரத்திலேயே கதை அவள் கையில் உடைந்துவிட்டது.

லிஃப்டுக்கு ஒரு கயிறு கிடையாது. விரல் பருமனுள்ள இரும்பு வடங்கள் பல உண்டு. ஒன்று போனால் மற்றவை தாங்கும். எல்லாமே போனாலும், பெட்டிக்கு அடியில் இருக்கும் இரும்புப் பற்கள் இருபுறத் தண்டவாளங்களையும் கவ்விக்கொள்ளும். மனிதக் கை நடுவில் போய் நிற்க வேலையே இல்லை. நின்றால் கை மிஞ்சாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். இப்போது அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா படத்தில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, ரெண்டு மூணு கேள்வி கேக்கட்டுமா?"

"போலீஸா நீ? கேளு."

"வேகமா விழுந்துச்சா, மெல்லவா?"

அத்தை கண்ணை மூடினாள். "மேல போயிட்டிருந்தோம். கரண்டு போச்சு, உள்ள விளக்கு அணைஞ்சது. நிக்க வேண்டியது நிக்கல. மெல்லக் கீழ வழிய ஆரம்பிச்சுது. மடக்குக் கதவு வழியா சுவர் மேல போறது தெரிஞ்சுது. எங்கம்மா கத்தினாங்க. மேலருந்து எங்கப்பா குரல்: 'பயப்படாதீங்க, பிடிச்சிருக்கேன்.' அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல போயி, கதவு திறந்துச்சு."

மெல்ல. கயிறு அறுந்த லிஃப்ட் மெல்ல வராது. லிஃப்ட்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உள்ள யார் யார் இருந்தீங்க?"

"அம்மா, மடியில உங்கப்பன், நான், சித்தப்பா."

"நான் தூங்கிட்டிருந்தேனாம்," என்றார் அவள் அப்பா, சோபாவில் பாதித் தூக்கத்தில். "இப்பவும் அப்படித்தான்," என்றாள் அத்தை. "அப்புறம் தையல் மெஷின். நாங்க மொட்டை மாடி அறைக்குக் குடி போன நாள் அது. சித்தப்பா அரிசி மூட்டையைத் தோள்ல தூக்கிட்டுப் படியேறப் போனார். எங்கப்பா மேலருந்து எட்டிப் பார்த்து ஒரு சத்தம்: 'மூட்டையையும் ஏத்து!' அவர் எப்பவும் அப்படித்தான். ஆள் குறைவா இருந்தா மூட்டை, மூட்டை இல்லேன்னா வாட்ச்மேன். காலியா லிஃப்ட் போனா அவருக்குப் பொறுக்காது."

"எத்தனை பேர் லிஃப்ட் அது?"

"ஆறு பேர்னு பலகை இருக்கும்."

லிஃப்ட்காரி விரல் விட்டுக் கூட்டினாள். அம்மா, கைக்குழந்தை, சின்னப் பெண், சித்தப்பா, இரும்புக் கால் வைத்த தையல் மெஷின், மூட்டை. ஏறக்குறைய மூன்று ஆள் எடை. ஆறில் பாதி.

"அட தாத்தா!" என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள். "அத்தை, அன்னிக்கு அவர் கை எப்படி இருந்துச்சு? காயமா?"

"காயம் எதுவும் தெரியல. உள்ளங்கை பூரா மஞ்சளா மருந்து தடவியிருந்தார். கயிறு அறுத்த இடத்துக்கு. நாள் கணக்கா போகவே இல்ல அந்த மஞ்சள்."

"மருந்துன்னு யார் சொன்னது?"

அத்தை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "யாரும் சொல்லல. நானாத்தான்..."

"சோப்பு போட்டா மருந்து போயிடும். பெயின்ட் போகாது." மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "அண்ணா, அந்த வெங்காயப் பையையும் உருளைக்கிழங்குப் பையையும் எடுத்துட்டு பால்கனிக்கு வாங்க."

பால்கனியில் துணி காயப்போடும் கம்பியை ஏற்றி இறக்க ஒரு கப்பி இருந்தது. கம்பியைக் கழற்றிவிட்டு, கயிற்றின் ஒரு முனையில் வெங்காயத்தையும் மறு முனையில் உருளைக்கிழங்கையும் கட்டினாள் லிஃப்ட்காரி. கைவேலை வந்துவிட்டால் அவளுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"லிஃப்டை மோட்டார் தூக்குதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. பாதிதான் நிஜம். இந்த வெங்காயம் பெட்டி. உருளைக்கிழங்கு எதிர் எடை, பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு ஏறி இறங்கிட்டே இருக்கும். பெட்டி இறங்கினா அது ஏறும். அந்த எடையை எவ்வளவு வெப்பாங்க தெரியுமா? காலிப் பெட்டியோட எடை, அது கூட பாதி ஆளுங்க எடை. இப்ப பெட்டி காலின்னு வைங்க." வெங்காயத்தில் பாதியை எடுத்தாள். உருளைக்கிழங்கு இறங்க, வெங்காயம் விறுவிறுவென்று மேலே போய் கப்பியில் முட்டியது. "பிரேக் பிடிக்கலேன்னா காலி லிஃப்ட் கீழ விழாது, மேல பறக்கும். நிறைய ஆள் இருந்தா கீழ ஓடும். சரியா பாதி இருந்தா?"

வெங்காயத்தைத் திரும்பப் போட்டாள். கொஞ்சம் கூட்டினாள், குறைத்தாள். இரண்டு பைகளும் காற்றில் அப்படியே நின்றன.

"அத்தை, கப்பி விளிம்பை ஒரு விரலால சுத்துங்க."

அத்தை ஸ்டூலில் ஏறினாள். மாப்பிள்ளை தோளைக் கொடுத்தார். சுண்டு விரலால் தொட்டாள். வெங்காயம் பணிவாக இறங்கியது. எதிர்ப்பக்கம் தள்ளினாள். ஏறியது.

"லிஃப்டுக்கு மேல, மொட்டை மாடி மெஷின் ரூம்ல மோட்டாரோட ஒரு கைச்சக்கரம் இருக்கும், நல்ல மஞ்சள் பெயின்ட் அடிச்சிருப்பாங்க. கரண்டு போயி ஆள் மாட்டிக்கிட்டா, அதைச் சுத்தித்தான் பெட்டியைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவரணும். பாதி எடை இருந்தா ஒரு ஆள் போதும். இல்லேன்னா முதுகு போயிடும். அடிக்கடி கரண்டு போற காலம் அது. அதான் அவர் யாரையும் தனியா ஏத்த மாட்டார். நெரிசலாவும் விடமாட்டார். அன்னிக்கு பிரேக் வழுக்கியிருக்கு. தாத்தா ஓடிப் போயி சக்கரத்தைப் பிடிச்சிருக்கார். பெயின்ட் அன்னிக்குத்தான் அடிச்சிருப்பார், நீங்க குடி வர்ற நாளாச்சே, எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்னு. அது காயல."

பைகள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"அப்ப," என்றார் மாப்பிள்ளை மெதுவாக, "கையால லிஃப்டை நிறுத்தினது நிஜம்."

"நிஜம். மூட்டையை ஏத்தச் சொன்னதாலதான் முடிஞ்சுது. காலியா இருந்திருந்தா தாத்தா கையும் போயிருக்கும், பெட்டியும் கூரையில முட்டியிருக்கும்."

"நாம கீழ நின்னு பால்காரரைத் தேடறது..." என்றார் அவள் அப்பா. இப்போது முழுதாக விழித்திருந்தார்.

"மூட்டைக்குப் பதிலாப்பா."

வேலைக்குப் போன இடமெல்லாம், கட்டடம் கட்டடமாக, இந்தப் பாதிக் கணக்கை அவள் சொல்லாத ஆள் இல்லை. அவளும் இத்தனை காலமாகத் தன் வீட்டு லிஃப்ட் வாசலில் துணைக்கு ஆள் தேடி நின்றவள்தான். இரண்டும் ஒன்று என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அதை நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்தது.

அத்தை ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. விரலால் வெங்காயத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள். "இருந்தாலும் கயிறுன்னு சொன்னா கேக்கறதுக்கு நல்லா இருக்கும்டி," என்றாள், கொஞ்சம் குறையோடு.

"அத்தை, கயிறுன்னா நான் சிரிப்பேன்," என்றார் மாப்பிள்ளை. "சக்கரம்னா கேட்டுட்டு உக்காந்திருப்பேன். இறங்குங்க, விழுந்து வெக்காதீங்க. உங்களைப் பிடிக்க எனக்கு எதிர் எடை இல்ல."

சாயங்காலம் காபிக்குப் பால் காணவில்லை. வாங்கிவர மாப்பிள்ளை கிளம்பினார். லிஃப்ட் காலியாக வந்து கதவைத் திறந்தது. அவர் உள்ளே ஒரு காலை வைத்தார், யோசித்தார், திரும்பி வந்து, சோபாவில் மறுபடி சாய்ந்துவிட்ட மாமனார் முறைக்காரரின் தோளைத் தட்டினார். "மாமா, கொஞ்சம் வாங்க. உங்களை ஏத்தணும்."

உள்ளறையில் அத்தை வெளியூர்த் தங்கையோடு போனில் இருந்தாள். குரல் வாசல்வரை கேட்டது.

"கயிறா? எவடி சொன்னா கயிறுன்னு? உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ அப்ப பொறக்கவே இல்ல. சக்கரம்டி, சக்கரம்! மஞ்சள் சக்கரம். என் கண்ணால பார்த்தேன்."